தாய்லாந்தில் கோயிலும் வரலாறும் பார்க்க: வழிகாட்டியோடு போகலாமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஜனவரியில் அப்பா, அம்மா, மனைவி, நான் என நாலு பேர் தாய்லாந்து போவதாக இருக்கிறோம். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரையிலோ ஷாப்பிங்கிலோ அவருக்கு நாட்டமில்லை. பழைய தலைநகரங்களான அயூத்தயா, சுகோதாய் இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

மதுரையில் ஒரு டிராவல்ஸில் ‘பண்பாட்டுச் சுற்றுலா’ என்று ஒரு பேக்கேஜ் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் பட்டாயாவில் 2 இரவு, பாங்காக்கில் 3 இரவு. கோரல் தீவு, சஃபாரி பூங்கா, ரத்தினக்கல் கேலரி, ராத்திரி ஒரு காபரே. கோயில் என்று இருப்பது அரை நாள்தான். அரண்மனைகூட ‘விருப்பப்பட்டால் தனிக் கட்டணம்’ என்று போட்டிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் பாங்காக், அயூத்தயா, சுகோதாய், சியாங் மாய் நான்கையும் சேர்த்து, முழுக்க வழிகாட்டியோடு தருகிறார்கள். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அந்தப் பணம் கொடுக்கத் தகுமா? வழிகாட்டி இல்லாமல் நாங்களே சமாளிக்க முடியுமா? அம்மா சுத்த சைவம், மூட்டு வலியும் உண்டு. போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சிலோம்வாசி:
முதல் பேக்கேஜைக் கையால்கூடத் தொடாதீர்கள். பாங்காக்கில் வேலை பார்க்கிறேன், ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். அரண்மனையை விட்டுவிட்டு ‘பண்பாடு’ என்று பெயர் வைத்திருப்பதே அநியாயம்.

பெரிய அரண்மனை 1782இல் மன்னர் முதலாம் ராமா பாங்காக்கைத் தலைநகராக்கியபோது கட்டத் தொடங்கியது. அதற்குள்தான் வாட் பிரா கேவ், மரகத புத்தர் கோயில் (வாட் என்றால் கோயில்). மரகதம் என்று பெயரே தவிர, சிலை ஒரே பச்சைக் கல்லில் செதுக்கியது; உயரம் வெறும் 66 சென்டிமீட்டர். கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒரு பொன்னாடை, அதை மாற்றுவது மன்னரின் கடமை. நீங்கள் ஜனவரியில் வருவதால் குளிர்கால அங்கியில் தரிசனம். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

கட்டணம் 500 பாத். காலை 8.30க்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கும், நிழலும் குறைவு, பெரியவர்களுக்குத் தாங்காது. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு போனால் உள்ளே விட மாட்டார்கள்.

இன்னொன்று. வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நல்ல உடுப்பு போட்ட ஒருவர் வந்து, ‘இன்று விசேஷம், அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்’ என்று டுக்-டுக் ஆட்டோவில் ஏற்றிவிடப் பார்ப்பார். அது நகைக்கடையில் போய்த்தான் நிற்கும். காதில் போட்டுக்கொள்ளாமல் நேரே டிக்கெட் கவுன்டருக்கு நடங்கள்.

தனிவழி:
இதற்கெல்லாம் வழிகாட்டி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பாங்காக்கில் மெட்ரோ, ஸ்கைட்ரெய்ன், ஆற்றுப் படகு மூன்றும் இருக்கின்றன. அயூத்தயா சுமார் 80 கிலோமீட்டர்தான். சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் நம்ம ஊர் டீ, வடை செலவுக்குள் முடிந்துவிடும். ஸ்டேஷனில் இறங்கினால் டுக்-டுக் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். வழிகாட்டி என்று வருகிறவர் கொடி பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுவார், நாம் பின்னால் ஓட வேண்டும். ஒரு சிலை முன்னால் நம்ம இஷ்டத்துக்குக் கால் மணி நேரம் நிற்க முடியாது. அந்த இரண்டு மடங்குப் பணத்தில் நல்ல ஹோட்டலில் தங்கலாம்.

பூங்குழலி_கோவை:
தனிவழி அண்ணா, ரயிலும் டுக்-டுக்கும் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் வழிகாட்டி வழி காட்டுவதற்கு இல்லை, கதை சொல்வதற்கு. அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

மாமனார், மாமியாரோடு போயிருந்தோம். மரகத புத்தர் கோயிலைச் சுற்றி வெளிப்பிராகாரம் மாதிரி ஒரு நீண்ட தாழ்வாரம். அதன் சுவர் முழுக்க 178 ஓவியங்கள், ராமகியென் என்கிற அவர்களுடைய ராமாயணம். வடக்குப் பக்கம் தொடங்கி வலமாகச் சுற்றி வருகிறது. பெரும்பாலான கூட்டம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எங்களோடு வந்த தாய் அம்மா ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு ஓவியத்தின் முன்னால் எங்களை நிறுத்திவிட்டார். வெள்ளை நிற அனுமன் மலை அளவுக்கு வளர்ந்து, ராமன் தங்கியிருக்கும் மண்டபத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறான். சுற்றிலும் வானர சேனை அப்படி அப்படியே சாய்ந்து தூங்குகிறது. ஒருவன் ஈட்டியைக் கட்டிப்பிடித்தபடி தூங்குகிறான், இன்னொருவன் வாயைப் பிளந்தபடி. மயியராப் என்கிற அரக்கன் மயக்கப் பொடி ஊதி எல்லோரையும் தூங்க வைத்து ராமனைப் பாதாளத்துக்குத் தூக்கிப்போகப் போகிறான்.

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, என் மாமியார் சட்டென்று ‘இது மயில்ராவணன் கதையில்ல!’ என்றார். சின்ன வயதில் தெருக்கூத்தில் பார்த்த கதை. அதற்கப்புறம் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பாதாளத்தில் அனுமன் தன் மகனோடு சண்டை போடுவான் என்று இவர் தமிழில் சொல்ல, நான் மொழிபெயர்க்க, அந்த வழிகாட்டி அம்மா ‘ஆமாம், மச்சானு!’ என்று கையைத் தட்டிச் சிரித்தார். அப்புறம் சுவரில் அந்த மச்சானுவைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினார், குரங்கு உடம்பு, மீன் வால். அலைபேசியைப் பார்த்து நாங்களே சுற்றியிருந்தால் இந்தச் சுவரைக் கடந்து போயிருப்போம்.

அதனால் என் கருத்து: போக்குவரத்துக்கு வழிகாட்டி வேண்டாம். அரண்மனை, அயூத்தயா, சுகோதாய் மூன்றுக்கும் கட்டாயம் வேண்டும். மற்ற நாட்களில் நீங்களே சுற்றுங்கள்.

சிலோம்வாசி:
பூங்குழலி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அரண்மனை டிக்கெட்டோடு சாலா சலெம்குருங் அரங்கில் ஒரு குறும் கோன் நிகழ்ச்சியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், வார நாட்களில். கோன் என்றால் முகமூடி நாட்டியம். ராமகியென்தான் அதற்குக் கதை. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலையில் சுவரில் பார்த்த அதே அனுமனை மத்தியானம் மேடையில் பார்க்கலாம். டிக்கெட் வாங்கும்போதே அன்றைய காட்சி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், பல பேர் கேட்காமல் டிக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

வண்டிமேலாளர்:
சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போகிற வேலைதான் எனக்கு. உள்ளே இருந்து சில விஷயம் சொல்கிறேன்.

தாய்லாந்துச் சட்டப்படி சுற்றுலா வழிகாட்டி வேலை அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். ‘தமிழ் வழிகாட்டி உண்டு’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், பெரும்பாலும் அது இங்கிருந்து கூட வருகிற என்னைப் போன்ற டூர் மேனேஜர். நாங்கள் சாப்பாடு, ஹோட்டல், பாஸ்போர்ட் எல்லாம் பார்த்துக்கொள்வோம். கோயிலுக்குள் நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர் உள்ளூர் வழிகாட்டி. பணம் கட்டும் முன்னால் கேளுங்கள்: உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி எந்தெந்த நாள் கூட வருவார், என்ன மொழி, எங்களுக்கு மட்டுமா அல்லது பெரிய குழுவோடா?

இன்னொன்று, விலை. மலிவான பேக்கேஜ் எப்படி மலிவாகிறது? ரத்தினக்கல் கேலரி, தோல் சாமான் கடை, தேன் கடை, இப்படி நிறுத்துகிற இடங்களிலிருந்து வருகிற கமிஷன்தான் அந்தக் குறையை நிரப்புகிறது. ஒரு கடை நிறுத்தம் சுலபமாக ஒன்றரை மணி நேரத்தை விழுங்கும். அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? கோயிலிலிருந்துதான். பயணத் திட்டத்தில் ‘கடை நிறுத்தம் இல்லை’ என்று எழுத்தில் வாங்கிவிட்டாலே பாதிக் கவலை தீரும்.

அந்த இரண்டாவது பேக்கேஜில் எத்தனை இரவு?

வைகைக்கரை:
பூங்குழலி மேடம், உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் மயில்ராவணன் கதை முழுக்கத் தெரிந்திருக்கிறது! இப்போது அப்பாவைவிட அவர்தான் அவசரப்படுகிறார்.

வண்டிமேலாளர் ஐயா, மொத்தம் 7 இரவு. பாங்காக் 2, அயூத்தயா போகிற வழியில் அரை நாள், சுகோதாய் 1, சியாங் மாய் 2, திரும்பப் பாங்காக் 2.

வண்டிமேலாளர்:
அயூத்தயாவுக்கு அரை நாள் என்றால் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறத்தான் சரியாக இருக்கும். சியாங் மாயை எடுத்துவிட்டு அயூத்தயாவில் ஒரு இரவு போடச் சொல்லுங்கள்.

தனிவழி:
சியாங் மாயை எடுக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1296இல் மன்னர் மங்ராய் உண்டாக்கிய நகரம், நான்கு பக்கமும் அகழி இன்னும் இருக்கிறது. வாட் செடி லுவாங்கில் 1545 நிலநடுக்கத்தில் சரிந்த பெரிய தூபியை அப்படியே பார்க்கலாம். மலை மேலே தோய் சுதேப் கோயில். பாங்காக்கின் பளபளப்பை விட இந்த வடக்கு ஊரின் மரக் கோயில்கள் எத்தனையோ மேல்.

வண்டிமேலாளர்:
ஊர் அருமையான ஊர், மறுக்கவே இல்லை. ஆனால் 7 இரவில் நான்கு ஊர், மூட்டு வலியுள்ள அம்மா. தோய் சுதேப்பில் நாகப் படிக்கட்டு முந்நூறுக்கு மேல். மேலே போக இழுவை ரயில் உண்டு என்றாலும் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகிற வண்டிப் பயணம் இருக்கிறதே. அது தனியாக ஒரு பயணத்துக்குரிய ஊர்.

யாழ்மணி:
வணக்கம். நான் கொழும்பிலயிருந்து போய் வந்தனான். அயூத்தயாவில இரவு தங்குங்கோ எண்டு நானும் சொல்லுவன். பகல் வெயில் தாழ்ந்தாப் பிறகுதான் அந்த ஊர் பார்க்கக்கூடிய மாதிரி வரும். வாட் சைவத்தனராம் 1630இல கட்டினது, ஆத்தங்கரையில. பின்னேரம் செங்கல் எல்லாம் சிவந்துபோய் நிக்கும்.

உங்கட அப்பா வரலாறு படிப்பிச்சவர் எண்டபடியால் இதையும் சொல்லவேணும். அயூத்தயாவுக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு கனபேருக்குத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டில இலங்கையில முறையா துறவு கொடுக்கக்கூடிய பிக்குகளே இல்லாமல் போச்சுது. கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமுக்கு, அதாவது இண்டைய தாய்லாந்துக்கு, தூது அனுப்பி, அயூத்தயாவிலயிருந்து உபாலி தேரர் எண்டவர் வந்து 1753இல கண்டியில துறவு கொடுக்கிறதைத் திரும்பவும் தொடக்கிவைச்சவர். இண்டைக்கும் இலங்கையின்ர பெரிய பிக்கு பிரிவுக்கு சியாம் நிகாய எண்டுதான் பேர். அந்தக் கண்டி அரசன் மதுரை நாயக்கர் வழி. உங்கட ஊர்க் கதை எண்டும் சொல்லலாம். உபாலி தேரர் கண்டிக்கு வந்து பதினாலு வருசத்தில, 1767இல, பர்மியப் படை வந்து அயூத்தயாவை எரிச்சுப்போட்டுது. உபாலி தேரர் இருந்த வாட் தம்மாராம் இப்பவும் அங்க இருக்கு. பஸ் குழுக்கள் போகாத இடம். வழிகாட்டியிட்டக் கேட்டால் கூட்டிக்கொண்டு போவார்.

வைகைக்கரை:
யாழ்மணி அண்ணா, இதை அப்பாவிடம் சொன்னதும் எழுந்து போய் நோட்டுப் புத்தகம் எடுத்து வந்துவிட்டார். வாட் தம்மாராம் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார். ரொம்ப நன்றி.

அயூத்தயாவில் வேறு எதை விடக்கூடாது?

பூங்குழலி_கோவை:
வாட் மகாதாட். அரச மரத்து வேர் சுற்றிப் பிடித்த புத்தர் தலை அங்கேதான். படம் எடுக்கும்போது நின்றுகொண்டு எடுக்கக் கூடாது. புத்தரின் தலைக்கு மேல் நம் தலை போகாதபடி குந்தி உட்கார வேண்டும், காவலர் பக்கத்திலேயே நிற்பார். அம்மாவுக்குக் குந்த முடியாது என்றால் கொஞ்சம் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு வரட்டும்.

அதற்குப் பக்கத்திலேயே வாட் ராட்சபுரண. அதன் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. மன்னர் இறந்ததும் மூத்த இளவரசர்கள் இருவரும் அரியணைக்காக யானை மேல் ஏறிச் சண்டை போட்டார்கள், இருவருமே செத்தார்கள். மூன்றாமவர் அரசராகி, அண்ணன்மார் இருவரையும் தகனம் செய்த இடத்தில் 1424இல் இந்தக் கோயிலைக் கட்டினார். கோபுரத்தின் வயிற்றுக்குள் பொன் நகைகளை வைத்து மூடியிருந்தார்கள். 1957இல் திருடர்கள் தோண்டி நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள். மீட்டதும் மிஞ்சியதும் அதே ஊரில் சாவோ சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொன்னால் செய்த ஒரு சின்ன யானை, மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும், முதுகில் அம்பாரி, உடம்பு முழுக்க மணி பதித்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் கோயில், பிறகு அருங்காட்சியகம் என்ற வரிசையில் போங்கள். அந்த வரிசை மாறினால் கதை பிடிபடாது.

கல்வெட்டுப்பித்தன்:
இழையை இப்போதுதான் பார்த்தேன். வரலாறு என்று வந்துவிட்டீர்கள், தமிழ்க் கல்வெட்டைச் சொல்லாமல் போனால் எப்படி?

தென் தாய்லாந்தில் தகுவாபா என்ற இடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நாங்கூர் உடையான் தோண்டிய குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயர், அது மணிக்கிராமத்தாருக்கு அடைக்கலம் என்கிறது. அவனிநாரணன் மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். மணிக்கிராமத்தார் வணிகக் குழு. அதாவது கடல் கடந்து போன நம் வணிகர்கள் அங்கே குளம் வெட்டியிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதே பகுதியில் பல்லவர் பாணியில் மூன்று பெரிய கற்சிலைகள் மர வேர்களுக்குள் சிக்கிக் கிடந்தன. அவை இப்போது புக்கெட் தீவில் தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வருஷா வருஷம் எத்தனை தமிழர்கள் புக்கெட் போகிறார்கள்! விமான நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் கொஞ்சம் திரும்பினால் போதும். ஒருவர்கூட எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இதைவிடப் பழையது கிராபி மாவட்டத்து குளோங் தோம் பக்கம் கிடைத்த உரைகல். பொன்னை உரசிப் பார்க்கிற சின்னக் கல். ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்திருக்கிறது. ஒரு தட்டான் தன் உரைகல்லில் பேரைப் பொறித்துக் கையோடு கொண்டுபோயிருக்கிறான், ஏறத்தாழ 1,700 ஆண்டுக்கு முன்னால்.

வைகைக்கரை:
இந்தத் தடவை தெற்கே போக முடியாது ஐயா. ஆனால் பாங்காக்கிலேயே தமிழ்த் தொடர்புள்ள இடம் ஏதாவது? தாய் மன்னர் முடிசூட்டு விழாவில் திருவெம்பாவை பாடுகிறார்கள் என்று வாட்ஸப்பில் வருகிறதே?

சிலோம்வாசி:
வாட்ஸப்பை விடுங்கள், கண்ணால் பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். பாங்காக் பழைய நகரத்தில் தேவசதான் என்ற பிராமணர் கோயில் இருக்கிறது. 1784இல் முதலாம் ராமா காலத்தில் கட்டியது. சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதி. அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் மார்கழி, தை வாக்கில் திரியம்பாவாய்–திரிபாவாய் என்ற சடங்கை அங்கே நடத்துகிறார்கள். சிவனும் திருமாலும் பூமிக்கு எழுந்தருளும் நாட்கள் அவை என்பது ஐதீகம். அந்தச் சடங்கில் திருவெம்பாவை, திருப்பாவை வழி வந்த பாட்டுகளை ஓதுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்ததால் உச்சரிப்பு மிகவும் மாறிவிட்டது. தமிழ் என்று காது சட்டென்று பிடிக்காது, முன்பே தெரிந்து போய்க் கேட்டால்தான் ஓரிடத்தில் பிடிபடும்.

கோயிலுக்கு எதிரே சாலை நடுவில் சிவப்பு நிறத்தில் இரண்டு பிரம்மாண்டமான தேக்குத் தூண்கள், மேலே குறுக்குச் சட்டம். சாவ் சிங் சா, பெரிய ஊஞ்சல். உயரம் 21 மீட்டருக்கு மேல். அந்தச் சடங்கின் பகுதியாக ஆட்கள் அதில் ஆடி, உயரத்தில் கட்டிய காசு மூட்டையைப் பல்லால் கவ்வுவார்கள். விபத்துகள் நடந்ததால் 1935இல் ஆடுவது நின்றுபோனது. இப்போது நிற்பது 2007இல் புதிதாக நாட்டிய மரம். நீங்கள் வருவது ஜனவரி என்பதால், தேதி பொருந்தினால் சடங்கே நடந்துகொண்டிருக்கலாம். நான் விசாரித்து எழுதுகிறேன்.

சிலோம் சாலையில் மாரியம்மன் கோயில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. தாய் மக்கள் அங்கே கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், சாமந்தி மாலையும் இளநீரும் வைத்துக் கும்பிடுகிறார்கள். நவராத்திரியில் தேர் வரும்போது சாலையையே மூடிவிடுவார்கள்.

மலர்விழி72:
நான் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அம்மாவைப் போலவே நானும் சைவம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்ட கடையைத் தேடுங்கள்; அங்கே மீன் சாறு, முட்டை, பூண்டு, வெங்காயம் எதுவும் சேர்க்க மாட்டார்கள். மற்றக் கடைகளில் ‘மாங்சவிராட்’ என்றால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனால் முட்டை வரும். ‘மாய் சாய் நாம் ப்லா’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம். வெறும் காய்கறி வறுவலில்கூட அதை ஊற்றிவிடுவார்கள். பாங்காக்கில் இந்திய உணவகம் ஏராளம். சுகோதாயில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாங்காய்ப் பருவம் கோடைதான் என்றாலும் மாம்பழமும் ஒட்டரிசிச் சாதமும் பாங்காக்கில் எப்போதும் கிடைக்கும். தேங்காய்ப் பால் ஊற்றித் தருவார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும்.

யாழ்மணி:
சுகோதாயைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லையே! எனக்கு அயூத்தயாவை விட அதுதான் மனசில நிக்குது. 13ஆம் நூற்றாண்டு ராச்சியம். பழைய நகரம் இப்ப பெரிய பூங்கா, குளமும் தாமரையும் மரமுமா. சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம், பெரியாக்களுக்கு மின்சார வண்டி இருக்கு. எல்லாம் சமதரை, உங்கட அம்மாவுக்குக் கரைச்சல் இல்லை.

வாட் சி சும் எண்ட இடத்தை மட்டும் அவசரப்படாமல் பாருங்கோ. நாலு பக்கமும் உயர்ந்த சுவர், கூரை இல்லை. முன்சுவரில ஒடுக்கமான ஒரு பிளவு. தூரத்தில இருந்து பார்த்தால் அந்தப் பிளவுக்குள்ளால புத்தற்ற முகத்தில ஒரு பங்குதான் தெரியும். கிட்டப் போகப் போக முகம் விரிஞ்சு, தோள், மடி, பிறகு உங்கட தலைக்கு மேல அந்தக் கை. சிலை ஏறக்குறைய 15 மீட்டர். விரல் ஒண்டொண்டும் நீண்டு மெலிஞ்சு முழங்காலில இருந்து கீழ தொங்கும். கும்பிட வந்த சனம் ஒட்டின தங்கத் தாள் விரல்நுனியில காத்துக்குப் படபடக்கும். சுவருக்குள்ள ஒரு படிக்கட்டு ஓடுது, இப்ப பூட்டு. அதின்ர கூரைக் கற்களில புத்தற்ற முற்பிறப்பைச் சொல்லுற சாதகக் கதைகள் செதுக்கியிருக்கு.

நடந்து வாற மாதிரியான புத்தர் சிலைகளையும் அங்க கவனியுங்கோ. ஒரு குதி நிலத்திலயிருந்து கிளம்பி, ஒரு கை அசைஞ்சபடி. சுகோதாய்ச் சிற்பிகளின்ர தனிக் கை அது.

கல்வெட்டுப்பித்தன்:
யாழ்மணி அருமை. அங்கேயே வாட் சி சவாய் என்று மூன்று கோபுரக் கோயில் உண்டு, தொடக்கத்தில் இந்துக் கோயிலாக இருந்தது. அப்பாவுக்குக் காட்டுங்கள். கம்போடிய எல்லைப் பக்கம் பனோம் ருங் என்ற சிவன் கோயிலும் இருக்கிறது. அணைந்த எரிமலை மேலே, நுழைவாயிலில் ஆடும் சிவன், அதன் கீழே பள்ளிகொண்ட பெருமாள் செதுக்கிய கல். அந்தக் கல் களவு போய் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்து, 1988இல்தான் திரும்பி வந்தது. ஆனால் 2025 ஜூலையில் அந்த எல்லையில் சண்டை நடந்ததால், இந்தத் தடவை பயணத்தில் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

தனிவழி:
இவ்வளவு படித்தபின் ஒன்று சொல்கிறேன். அரண்மனை, அயூத்தயா, சுகோதாய் மூன்றுக்கும் தனி வழிகாட்டி என்று பூங்குழலி சொன்னது எனக்கும் ஏற்புடையதாகத்தான் படுகிறது. ஆனால் நான்கு பேர் மட்டும் போகிற தனி வண்டியாக இருக்கட்டும், நாற்பது பேர் பஸ் வேண்டாம்.

வைகைக்கரை:
இரண்டாவது நிறுவனத்திடம் பேசினேன். சியாங் மாயை எடுத்துவிட்டார்கள். பாங்காக் 2 இரவு, அயூத்தயா 1, சுகோதாய் 2, பிறகு சுகோதாயிலிருந்து விமானத்தில் பாங்காக் திரும்பி 2 இரவு. மூன்று இடத்துக்கும் எங்களுக்கு மட்டும் வழிகாட்டி. கடை நிறுத்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விலையும் முன்பு சொன்னதைவிடக் குறைந்தது. அயூத்தயாவிலிருந்து சுகோதாய் வண்டியில் நேரே போகலாமா?

வண்டிமேலாளர்:
போகலாம். ஆனால் பிட்சனுலோக்கில் நிறுத்தச் சொல்லுங்கள், வழியில்தான். அங்கே பிரா புத்த சின்னராட் என்ற புத்தர். பின்னால் நெருப்புச் சுடர் போல வளைந்த திருவாசி. தாய் மக்கள் நாட்டிலேயே அழகான சிலை என்று இதைத்தான் சொல்வார்கள். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நுழைவுக்கு முன் மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும், 2025 மே 1 முதல் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசுத் தளத்தில் நிரப்பினால் இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. விசா விதி அவ்வப்போது மாறுகிறது, டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். புத்தர் சிலை வாங்கிக்கொண்டு வர ஆசைப்பட்டால், நுண்கலைத் துறை அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போக முடியாது.

சிலோம்வாசி:
கடைசி 2 இரவு பாங்காக் என்றால் ஒரு புதன் அல்லது வியாழன் அதில் வரும்படி பாருங்கள். தேசிய அருங்காட்சியகத்தில் அந்த இரண்டு நாட்களும் காலை 9.30க்கு தன்னார்வலர்கள் ஆங்கிலத்தில் சுற்றிக் காட்டுகிறார்கள், நுழைவுச் சீட்டு மட்டும் எடுத்தால் போதும். திங்களும் செவ்வாயும் விடுமுறை. அங்கே தேர்க் கொட்டகையில் மன்னர் குடும்பத்து ஈமத் தேர்கள் நிற்கின்றன. பெரிய தேர் 1795இல் செய்தது, எடை 13 டன்னுக்கு மேல். 2017இல் மன்னர் பூமிபோலின் இறுதி ஊர்வலத்திலும் அதைத்தான் ஆட்கள் வடம் பிடித்து இழுத்தார்கள். மதுரைத் தேர் பார்த்து வளர்ந்த உங்கள் அப்பா அந்தச் சக்கரத்துப் பக்கத்தில் நிச்சயம் கொஞ்ச நேரம் நிற்பார்.

வைகைக்கரை:
புதன்கிழமை பாங்காக்கில் இருக்கும்படி தேதியை மாற்றிவிட்டோம். தேவசதான் சடங்குத் தேதி தெரிந்ததும் இங்கேயே போடுங்கள் அண்ணா, அதற்குத் தகுந்தாற்போல் டிக்கெட் போடுகிறேன்.

சிலோம்வாசி:
ஞாயிறு கோயிலுக்கு நேரிலேயே போய்க் கேட்டுவிட்டு அன்றிரவே எழுதுகிறேன். அதுவரை டிக்கெட் போடாதீர்கள்.